அனுசியா தலை மேல்

புக்கிட் பெருவாங், மலாக்கா
14.6.2025

என்னைவிட நாலே நாலு மாதம் மூத்தவனும், அதை நாலாயிரம் தடவை சொல்லிக்காட்டுகிறவனுமாகிய என் பெரியம்மா மகன் திருச்செல்வம் அண்ணனுக்கு, தம்பி ஹரிதாஸ் எழுதுவது. நீ சுகமா? உன் நுரையீரல் இரண்டும் சுகமா? இங்கே அப்பா, அம்மா, தங்கச்சி பாப்பா எல்லாரும் சுகம். என் நுரையீரல்தான் எட்டு நாளாக வேலை இல்லாமல் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

உனக்கு வரும் கடிதம், நீ போடும் கடிதம் இரண்டையும் வார்டன் படித்துவிட்டுத்தான் விடுவார் என்றாயே. ஆகவே, வணக்கம் தம்புசாமி ஐயா! முதல் பக்கம் முழுக்க நலம் விசாரிப்புதான். சுவாரசியம் இரண்டாம் பக்கத்தில். நேராக அங்கே போய்விடுங்கள்.

அண்ணே, கைப்பேசியில் தட்டினால் நொடியில் முடியும் வேலைக்கு இப்படிக் கை வலிக்க எழுத வைத்துவிட்டாய். விடுதியில் கைப்பேசி கூடாது, சரி. ஏப்ரலில் குளியலறையில் சிகரெட்டோடு மாட்டினாய், சரி. இன்னொரு தடவை மாட்டினால் மூட்டை முடிச்சோடு வீடு, அதோடு எஸ்.பி.எம். பரீட்சையும் கோவிந்தா. அதுவும் சரி. நீ சிகரெட்டை விடுவதற்கு நான் எதற்கு என் வேப்பை, அந்த மின்சிகரெட்டை, விட வேண்டும்? "தனியா முடியாதுடா, துணைக்கு வா" என்று நீ கேட்டபோது உன் முகம் இருந்த இருப்பில் தலையாட்டிவிட்டேன். என் தலை அப்படித்தான். யார் கேட்டாலும் ஆடும்.

பாவம், பாப்பாவின் தலைதான். விடுமுறையில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு கையை அவள் தலையில் வைத்து, "இனிமே இழுக்க மாட்டோம், அனுசியா மேல சத்தியம்" என்றோமே, நீ பஸ்சுக்கு ஓடிய பிறகு அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மீறுனா எனக்கு என்ன ஆவும்?"

"தலை வெடிச்சிடும் லா."

"அப்ப தலைக்கு வாடகை குடு."

ஒரு பாக்கெட் மைலோ ஐஸ் போயிற்று. ஒன்பது வயதில் இவள் தலைவி, நமக்குத் தலைவலி.

நான் யார் தலையிலும் செய்யாத சத்தியமா? கணக்கு வாத்தியார் தலையில் மட்டும் நாற்பது இருக்கும். அவருக்கு முடி நிற்காததற்கு நான்தான் காரணம் என்று வகுப்பில் ஒரு பேச்சு. ஆனால் இது என்னவோ வேறு மாதிரி இருக்கிறது. தூங்கும்போது அவள் தலையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். சும்மாதான்.

இழுக்கத் தோன்றினால் எழுது, இதுதானே நம் ஒப்பந்தம்? இப்போது தோன்றுகிறது. கால் தன்னால் ஆடுகிறது. பேனா மூடியைக் கடித்துத் தின்று முடித்தாயிற்று. என் வகுப்பு ரிதுவானும் நம்மோடு சேர்ந்துவிட்டான். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் தொடாமல் இருந்தவன், பெருநாள் முடிந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டானாம். தெங்கேராவில் அவன் அம்மா கடையிலிருந்து ஒரு பை பேரீச்சம்பழம் கொண்டுவந்தான். பழம் முக்கியமில்லை, கொட்டைதான் மருந்து என்கிறான். வாயில் ஒதுக்கிக்கொண்டு உருட்டினால் நாக்கு வேறு எதையும் கேட்காதாம். பார்ப்போம்.

கன்னம் உப்பிய நிலையில்,
ஹரிதாஸ்


குவாந்தான் விடுதி
23.6.2025

அன்புள்ள தம்பி ஹரிதாசுக்கு, அண்ணன் செல்வம் எழுதுவது. நான் நலம். சித்தி, சித்தப்பா, பாப்பா எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். எங்கம்மா உங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் நான் நன்றாகப் படிக்கிறேன் என்று சொல்.

உன் கடிதத்தை ஐயா என்னை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு படித்தார். இரண்டாம் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை. தயவுசெய்து அடக்கி வாசி.

இன்றோடு பதினேழு நாள். எனக்குச் சாப்பிட்ட பிறகுதான் கஷ்டம். தட்டைக் கழுவி வைத்ததும் கை சட்டைப் பைக்குப் போகிறது. பையில் ஒன்றும் இல்லை என்று கைக்கு இன்னும் தெரியவில்லை. குளியலறைப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன். காலையில் இருமினால் கறுப்பாக வருகிறது. உனக்கும் வருகிறதா? பயமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன், ஐயாவும் படிப்பார் என்பதால் அவருக்கும்.

கொட்டை யோசனை நல்லது. இங்கே பேரீச்சை கிடைக்காது. கிராம்பு கடிக்கிறேன்.

நீ தாங்கினால் நானும் தாங்குவேன். எழுது.

உன் அண்ணன்,
திருச்செல்வம்


புக்கிட் பெருவாங்
29.6.2025

கிராம்பு மணக்கும் அண்ணனுக்கு, கருகிய மீன் மணக்கும் தம்பியின் வணக்கம். தம்புசாமி ஐயாவுக்கும்தான். ஐயா சிரித்தாரா இல்லையா என்பதைக் கண்டுபிடித்து எழுது, ரிதுவானோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். பாப்பாவுக்கு ஒரு பல் விழுந்தது. தலை பத்திரமாக இருக்கிறது.

மீன் மணம் எதற்கு என்றால், உம்பாயில் கடலோரம் இருக்கும் ஒரு மீன் சுடும் கடையில் சனி, ஞாயிறு வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தட்டு எடுப்பது, மேசை துடைப்பது. கடைக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர், எல்லாருக்கும் பாக்சிக், நல்ல மனிதர், ஆனால் அடுப்புப் புகையில் அவர் முகத்தை இதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. புகை இழுப்பதை விட்டவனைக் கொண்டுபோய்ப் புகைக்குள்ளேயே வேலைக்கு வைத்தது யார் செய்த குறும்பு? நான்தான்.

நேற்று ஒரு சங்கடம். ஒரு வாடிக்கையாளர் சாப்பிட்டுவிட்டு வேப்பை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். நீல நிறம். தர்ப்பூசணி வாசம். இருபத்திரண்டு நாளாகக் கண்ணில் காணாதது, இறால் ஓடுகளுக்கு நடுவில் என்னைப் பார்த்துப் படுத்திருந்தது. எடுத்தேன். பாக்சிக்கிடம் கொடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான். வேறென்ன? மழை பெய்கிறது. ரிதுவான் பதினைந்து நாள் முடித்துவிட்டான். எனக்குக் கறுப்பாக வரவில்லை, நீ ஐயாவிடம் சொல்லி டாக்டரிடம் காட்டு. தலை கொஞ்சம் வலிக்கிறது. என் தலையைச் சொல்கிறேன்.

இன்று சுருக்கமாக முடிக்கிறேன்.
ஹரிதாஸ்


குவாந்தான் விடுதி
8.7.2025

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. கையில் கிடைத்த வேப்பைத் திருப்பிக் கொடுத்தாய் என்று படித்தபோது ஒன்று தோன்றியது. சின்ன வயதில் பொய்யும் பித்தலாட்டமுமாக இருந்தவன் நீ. அண்ணன் நான். ஆனால் உன்னிடம் இருக்கிற உறுதி என்னிடம் இல்லை. அதைப் பாராட்டத்தான் எழுதுகிறேன்.

டாக்டரிடம் காட்டினேன். விட்ட பிறகு நெஞ்சு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், பயப்பட வேண்டாம் என்றார்.

பாப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள். அவள் விளையாடுகிறாளா, சாப்பிடுகிறாளா என்று எழுது.

திருச்செல்வம்


புக்கிட் பெருவாங்
19.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி எழுதுவது. வணக்கம் ஐயா. இந்தத் தடவை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், தயவுசெய்து மேசையில் போட்டு வைக்காமல் இன்றே கொடுங்கள்.

வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுத முடியவில்லை. பாப்பாவுக்கு வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சல். முப்பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், டெங்கி என்றார்கள். தினமும் வந்து ரத்தம் பார்க்க வேண்டுமாம். எங்கள் பிளாட்டில் இது ஐந்தாவது கேஸ். நகராண்மைக் கழகத்து ஆட்கள் வந்து கட்டடத்தைச் சுற்றிக் கொசுப்புகை அடித்தார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கினோம். பாப்பாவை அப்பா தூக்கிக்கொண்டார். வெள்ளைப் புகை எங்கள் ஜன்னலுக்குள் நுழைந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு எங்கே வலி தெரியுமா? தலையில்.

"கண்ணுக்குப் பின்னால யாரோ அடிக்கிறாங்க அண்ணே" என்கிறாள். அம்மா ஈரத்துணி போட்டுக்கொண்டே இருக்கிறார். நான் நெற்றியில் கை வைக்கப் போனேன். வைக்க முடியவில்லை.

கொசுதான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். இருக்கட்டும். ஐந்து மாடியில் நூற்றுக்கணக்கான தலை இருக்க, நாம் கை வைத்த தலைக்கு அந்தக் கொசுவுக்கு யார் முகவரி கொடுத்தது?

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. நீ இழுத்தாயா?

உன் போன கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் நாள் கணக்கு இல்லை. முன்பு பதினேழு நாள் என்று எழுதியிருந்தாய். இந்தத் தடவை எத்தனை என்று எழுதவே இல்லை. மறந்துவிட்டாய் என்று சொல். அல்லது மறக்கவில்லை என்று சொல். ஏதாவது சொல்.

ஹரிதாஸ்


மருத்துவமனை, குழந்தைகள் பகுதி வாசல்
22.7.2025

அண்ணே,

நலமா என்று கேட்கவில்லை, மன்னித்துக்கொள். உன் பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை பொறுக்க முடியாமல் இன்னொன்று எழுதுகிறேன். இது இழுக்கத் தோன்றி எழுதுவது இல்லை. இழுக்கத் தோன்றவே இல்லை, அந்த ஆசையே செத்துவிட்டது. பயந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைப் படுக்கையில் சேர்த்தோம். ரத்தத்தில் பிளேட்லெட் என்று ஒன்றை எண்ணுகிறார்கள். அது இரண்டு லட்சத்துக்குப் பக்கம் இருக்க வேண்டுமாம். நேற்று ஐம்பத்தெட்டாயிரம். இன்று நாற்பத்தொன்று. இங்கே யாரும் ஆயிரம் என்று சொல்வதில்லை. "நாப்பத்தொண்ணு" என்று மட்டும் சொல்கிறார்கள், ஏதோ பஸ் நம்பர் மாதிரி. அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்.

காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு ஜில்லென்று இருந்தது. நான் சந்தோஷத்தில் நர்சிடம் ஓடினேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "தம்பி, காய்ச்சல் விட்ட பிறகுதான் நாங்க ரொம்பக் கவனமா பார்ப்போம்" என்றார். நல்லது நடந்தால்கூடப் பயப்பட வேண்டிய நோய் இது. பல் விழுந்த இடத்தில் மறுபடி ரத்தம் கசிகிறது. மெத்தையில் ஒரு சிவப்புப் பொட்டு. அதைத் தலையணையால் மூடி வைத்தேன், அம்மா பார்க்கக் கூடாது என்று.

உம்பாய் பாக்சிக் ஒரு பை நண்டு கொடுத்து அனுப்பினார். நண்டு சூப் குடித்தால் பிளேட்லெட் ஏறும் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். டாக்டர் சிரிக்கிறார். ஆனாலும் அம்மா வைத்தார், வீட்டிலிருந்து ரிதுவான் பிளாஸ்கில் தூக்கி வந்தான். பாப்பா இரண்டு கரண்டி குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

நீ இழுத்திருந்தால் பரவாயில்லை. எனக்குக் கோபம் வராது. 'நான்தான்' என்று நீ சொல்லிவிட்டால் போதும்.

தம்பி


குவாந்தான் விடுதி
21.7.2025

அன்புள்ள ஹரிதாசுக்கு,

உன் விரைவுக் கடிதத்தை ஐயா வகுப்புக்கே கொண்டுவந்து கொடுத்தார். அம்மா போன வாரம் அலுவலகத்துக்குப் போன் பண்ணி, பாப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல், நீ படி என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம். நான் இழுத்தேன். ஜூலை இரண்டாம் தேதி. ஒன்று. முழுதாக.

பாப்பாவுக்கு வந்தது என்னால்தான். உன்னால் இல்லை. நீ பயப்படாதே. சித்தியைப் பார்த்துக்கொள்.

இதை ஐயா படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

திருச்செல்வம்


மருத்துவமனை
24.7.2025

அண்ணே,

உன் கடிதம் நேற்று வீட்டுக்கு வந்தது, அப்பா எடுத்து வந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். உள்ளதைச் சொல்கிறேன். அடுத்த பத்து நிமிடம் மலாக்காவிலேயே சந்தோஷமான ஆள் நான்தான். நான் இல்லை, அவன்! படியை விட்டு எழுந்து இரண்டு படியை ஒரே தாவலாகத் தாவினேன்.

ரிதுவான் அங்கே இருந்தான். கடிதத்தை அவனிடம் காட்டினேன். அவன் இரண்டு தடவை படித்தான்.

"டேய், இவன் இழுத்திருக்க மாட்டான் லா."

"அவனே எழுதியிருக்கான்."

"நீ அழுது எழுதுன. உன்ன எறக்கிவிட அவன் ஏத்துக்கிட்டான். வார்டன் படிப்பாருன்னு தெரிஞ்சே எழுதிருக்கான் பாரு. நெசமா இழுத்தவன் எவனாவது தான் மாட்டற மாதிரி எழுதுவானா?"

அது என் மண்டையில் ஏறியது. ஏறாத மாதிரி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பாப்பா விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கையில் ஊசி குத்திக் குத்தி நீலம் பாய்ந்திருந்தது. அம்மா பிளாஸ்கைக் கழுவப் போயிருந்தார். நான் பெரிய சேதி மாதிரி சொன்னேன்.

"பாப்பா, சத்தியத்த மீறுனது செல்வம் அண்ணனாம்."

அவள் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தாள்.

"அதனாலதான் எனக்கு ஊசியா?"

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

"அப்ப செல்வம் அண்ணன் இனிமே வரவேணாம்" என்றாள். சத்தம் இல்லாமல் அழுதாள். கண்ணீர் காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கினாள், கையில் டியூப் இருந்தது, தூக்க முடியவில்லை.

அண்ணே, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். உம்பாயில் அந்த வேப்பைப் பாக்சிக்கிடம் கொடுத்தேன் என்று உனக்கு எழுதினேன். கொடுத்தது உண்மை. ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்று மூன்று இழுப்பு இழுத்த பிறகு கொடுத்தேன். மூன்றாவது இழுப்பில் பாப்பா தலை ஞாபகம் வந்தது. வந்தும் நிறுத்தவில்லை, இழுத்து முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். மேலெல்லாம் மீன் புகை, யார் கண்டுபிடிப்பார்கள் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"நான்தான் பாப்பா. செல்வம் அண்ணன் எனக்காகப் பொய் சொல்றாரு. நான்தான்."

"எத்தன?"

"மூணு."

அவள் யோசித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது:

"நீங்க இழுக்கறதுக்கு ஏன் என் தலை? உங்க தலையில கைய வச்சிக்க வேண்டியதுதானே?"

திரும்பினால் வாசலில் அம்மா, கையில் பிளாஸ்க். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிட்டால் பிளேட்லெட் ஏறிவிடும் என்று நம்பினேன். நேற்று இருபத்து நாலு. இன்று காலை பதினேழு.

ஐயாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ படிக்காதே. நீ எப்படியும் படிக்க மாட்டாய், நீ நேர்மையானவன்.

ஹரிதாஸ்


24.7.2025

மதிப்பிற்குரிய தம்புசாமி ஐயா அவர்களுக்கு,

இதுவரை ஒவ்வொரு கடிதத்திலும் உங்களுக்கு விளையாட்டாக வணக்கம் சொன்னேன். இது நிஜமான வணக்கம்.

என் அண்ணன் திருச்செல்வம் இழுத்ததாக எழுதியது பொய். சத்தியத்தை மீறியவன் நான். என் தங்கை உயிருக்குப் போராடுகிறாள். அதற்கு நான் காரணமாகிவிட்டேனோ என்று பயந்து, பழியை அவன் மேல் தள்ளப் பார்த்தேன். அவன் அதைத் தாங்கிக்கொண்டான். அவனை வெளியே அனுப்பினால் தவறு செய்யாதவனை அனுப்பியதாகும். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் நான் உங்கள் விடுதியில் இல்லை, எப்படிக் கொடுப்பீர்கள் என்று தெரியவில்லை.

பணிவுடன்,
மு. ஹரிதாஸ்


குவாந்தான் விடுதி
3.8.2025

ஹரிதாஸ்,

நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பா எப்படி இருக்கிறாள்? உன் கடிதம் பதினேழில் நிற்கிறது. அதன்பிறகு பத்து நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. அஞ்சல் வரும் நேரம் அலுவலக வாசலில் போய் நிற்கிறேன். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள், ஒன்று நான் எழுதியதன் நகல், இன்னொன்று நீ அவருக்கு எழுதியது. நீ எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பேரும் நான்தான், நான்தான்னு எழுதியிருக்கீங்க. இதுல எதுய்யா பொய்?"

தம்பி, நான் எழுதியது பொய் என்று சொன்னால் போதும். விடுதி, பரீட்சை எல்லாம் தப்பித்துவிடும். கதவை நீயே திறந்து வைத்துவிட்டாய். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னால் அது முடியவே இல்லை.

"அவன் தன்னைப் பத்தி எழுதுனது உண்மை ஐயா. என்னைப் பத்தி எழுதுனதுதான் தப்பு. நான் இழுத்தேன்" என்றேன்.

ஆமாம் தம்பி. நான் உன்னை இறக்கிவிட எழுதவில்லை. இரண்டாம் தேதி துணி காயப்போடும் இடத்துக்குப் பின்னால் ஒரு பையன் நீட்டினான், வாங்கினேன். மூன்று நாள் கழித்து உன் கடிதம் வந்தது. தர்ப்பூசணி வாசம் என்று எழுதியிருந்தாய். மேசையில் சும்மா கிடக்கும் வேப்புக்கு வாசம் வராது. நீயும் இழுத்திருக்கிறாய் என்று அப்போதே தெரியும். தெரிந்தும், உன் உறுதியைப் பாராட்டி எழுதினேன். நீ பொய்யாகவாவது உறுதியாக இருந்தால் நானும் பொய்யாகவாவது இருந்துகொள்ளலாம் என்று. துணைக்கு வா என்று உன்னைக் கூப்பிட்டேன். கடைசியில் இப்படித் துணையாக இருந்திருக்கிறோம்.

ஐயா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பத்து நாள் வீட்டுக்குப் போ என்றார். போய் அரசாங்கக் கிளினிக்கில் புகைப்பதை நிறுத்தும் பிரிவில் பெயர் பதிந்து, அவர்கள் கொடுக்கும் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் விடுதியில் இடம் உண்டு. அட்டை இல்லாமல் வந்தால் கிடையாது. திங்கட்கிழமை, பதினொன்றாம் தேதி பஸ் ஏறுகிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

பாப்பா வரவேண்டாம் என்றாள் அல்லவா. நான் உங்கள் வீட்டுப் பக்கம் வரலாமா என்று மட்டும் கேட்டு எழுது.

திருச்செல்வம்


புக்கிட் பெருவாங்
8.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி ஹரிதாஸ் வணங்கி எழுதுவது. நாங்கள் நலம். இந்தத் தடவை அந்த வார்த்தையை நிறுத்தி, யோசித்து எழுதுகிறேன். நலம். தம்புசாமி ஐயாவுக்கும் என் வணக்கம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் நீயே வந்துவிடுவாய் என்று தெரியும். ஆனால் இழுக்கத் தோன்றுகிறது. செத்துவிட்டது என்று எழுதினேனே அந்த ஆசை, பாப்பா வீட்டுக்கு வந்த மறுநாளே சிரித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

பதினேழு மறுநாள் பதினாறு ஆனது. அன்றைக்கு டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா வெளியே வந்து காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கார் வரைக்கும் நடந்தார். அதற்கு மறுநாள் இருபத்தொன்பது. பிறகு அறுபது. பிறகு வீடு. ஏன் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அம்மா நண்டு என்கிறார், டாக்டர் அது தன்னால் ஏறும் என்கிறார். காரணத்தைப் பேசவே எனக்குப் பயம். உனக்கு எழுதாமல் இருந்ததும் அதனால்தான். எழுதினால் எண்ணிக்கை மறுபடி இறங்கிவிடுமோ என்று பயம். இப்போதும் அவள் மதியம் தூங்கினால் மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கிறேன்.

நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும். கேட்டுவிட்டு, "ரெண்டு பேருமா?" என்றாள். நீ வரலாம் என்று சொல்லிவிட்டாள், ஆனால் ஒரு நிபந்தனை. அவள் தலையில் இருக்கும் இரண்டு கையையும் நாம் எடுக்க வேண்டுமாம். என் கையை நேற்றே எடுத்துவிட்டாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்க, என்னை அவள் முன்னால் நிற்க வைத்து, என் கையை என் தலையில் வைக்கச் சொன்னாள்.

"சொல்லு. இனிமே இழுத்தா உனக்குத்தான்."

விளையாட்டாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கையை வைத்தேன். விரலுக்குக் கீழே மண்டை சூடாக இருந்தது, உள்ளே துடித்தது. அண்ணே, கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

பாப்பா கிட்டே வந்து என் கையையே பார்த்தாள்.

"என் தலையில வச்சப்ப நடுங்கலையே?" என்றாள்.

அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ மூத்தவன். திங்கட்கிழமை நீ வா.

உன் தம்பி,
ஹரிதாஸ்